கருவாட்டுக் கிட்டங்கிச் சுவரில் ஐந்து பேர்

களியக்காவிளையில் சிப்பி நீற்றிச் சுண்ணாம்பாக்கி, வீடுகளுக்கு வெள்ளையடித்துப் பிழைத்தவள் முத்துக்கனி. அய்யாவழிக்காரி; நாமமிட்டு "அய்யா உண்டு" என்று சொல்லாமல் சுண்ணாம்பு மட்டையைத் தொடமாட்டாள்.

ஐம்பத்துநாலு ஆடியில், திருவிதாங்கூரின் தெற்குத் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லிப் போன ஊர்வலத்தில் போலீஸ் துப்பாக்கியால் வெடிவைத்தது. அவள் தம்பி கிருஷ்ணமணியையும் சேர்த்து ஐந்து பேர் செத்தார்கள். தம்பிக்குப் போட்டோ கிடையாது. தெருக்காரர்கள் சேர்ந்து, செத்த ஐந்து பேரையும் மரியஜான் கருவாடு அடுக்கிவைக்கும் கிட்டங்கிச் சுவரில் வரைய வைத்தார்கள். வள்ளத்துக்குத் தாரடிக்கிற சிலுவைமுத்து, தாராலேயே கோடு போட்டான்.

"ஏலே, தம்பிக்குக் காது இவ்வளவு பெரிசாலே?"

"அக்கா, வள்ளத்துக்குக் கண்ணு போட்டிருக்கேன். காது போட்டதில்ல."

இருந்தாலும் முகம் தம்பி முகம்தான். அவள் வேலைக்குப் போகிற வழியை அந்தப் பக்கமாக மாற்றிக்கொண்டாள்.

பத்தாம் நாள் போலீஸ் ஏட்டு முத்துக்கனியிடம் வந்தார். "நாளைக்கே இதுமேல வெள்ளையடிக்கணும்."

சுண்ணாம்பில் வெள்ளத்தைக் கூட்டி நீர்க்க அடித்தால் தம்பி மிஞ்சுவான். ஆனால் அது பொய் வேலை. முத்துக்கனி அய்யாவைக் கும்பிடும் தாங்கலுக்குப் போய் அழுதுவிட்டு வந்து, கெட்டியாக இரண்டு தடவை அடித்தாள். தம்பி முகத்தைக் கடைசியாக அடித்தாள்.

ஐப்பசி மழையில் சுண்ணாம்பு உதிர்ந்தது. ஐந்து பேரும் வந்து நின்றார்கள்.

"வெள்ளமா கலக்கினியாடி? பிடிச்சு உள்ள வைக்கணுமா?"

"இல்ல எசமானே. தாருமேல சுண்ணாம்பு நிக்காது."

ஏட்டு நம்பவில்லை. மறுபடி அடிக்கச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். அதுவும் உதிர்ந்தது. பிறகு கல்கொத்துகிற ஐயப்பனைக் கூட்டி வந்தார்.

"தார் இருக்கிற இடத்தை மட்டும் கொத்து. வேற இடத்துல உளி பட்டா கிட்டங்கிக்காரன் கேஸ் போடுவான்."

ஐயப்பன் சொன்னதைச் செய்கிறவன். கோட்டை விட்டு விலகாமல் அரை விரல் ஆழத்துக்குக் கொத்தினான். தம்பியின் காதில் மட்டும் கோட்டுக்கு உட்பக்கம் காரை பெயர்ந்து, காது சின்னதாயிற்று.

முத்துக்கனி அதன்மேல் இரண்டு தடவை வெள்ளையடித்தாள். தார் இல்லாததால் சுண்ணாம்பு நன்றாகப் பிடித்தது. சாயங்கால வெயில் சாய்ந்து விழுந்தபோது, கொத்தின பள்ளங்களில் நிழல் தங்கி ஐந்து பேரும் சுவரில் எழும்பி நின்றார்கள்.

ஏட்டு பள்ளத்தில் விரலை விட்டுப் பார்த்தார். "இதைச் சாந்து வச்சு அடைக்கணும்."

"அது கொத்தனார் வேலை, எசமானே."

சாந்துக்கு மேலிடத்து உத்தரவு வேண்டுமாம். எழுதிப் போட்டார். உத்தரவு வருவதற்குள் ஐம்பத்தாறு நவம்பர் வந்தது. ஊர் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ஏட்டு திருவனந்தபுரத்துக்குப் போனார்.

அதற்குப் பிறகும் வருஷம் தவறாமல் முத்துக்கனி அந்தச் சுவருக்கு வெள்ளையடித்தாள். பள்ளங்களில் சுண்ணாம்பு தங்கிவிடாமல், தம்பி காதை முந்தானையால் துடைத்துவிடுவாள்.