பெர்த்தாம் பூவில் கிடைத்த ஈஸ்ட்

வட்டமான கண்ணாடித் தட்டு. உள்ளே ஈஸ்ட் வளர்க்கும் வெளிர்மஞ்சள் அகார்க் கூழ், அதன்மேல் வரிசைக்கு நான்காக இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் டாக்டர், நுண்ணோக்கியில் கண்ணை வைத்தபடியே, மெல்லிய கண்ணாடி ஊசியால் ஈஸ்ட்டின் வித்து ஒன்றை வைத்திருந்தார். மூன்று நாளில் அவை வெண்புள்ளிகளாக வளர்ந்திருக்க வேண்டும். அன்று காலை நான் எடுத்து வைத்த தட்டுகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் புள்ளிகள் இருந்தன. மற்ற இடமெல்லாம் வெறுமை. டாக்டர் ஒரு தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டார்: "அகாரை நீங்கள் சரியா நிறுத்துத்தானே போட்டனீங்கள்?"

"சரியாத்தான் போட்டேன், டாக்டர்" என்றேன். அவர் நம்பவில்லை என்று தெரிந்தது.

அப்போது எனக்கு முப்பத்து மூன்று வயது. பினாங்கில் ஒரு பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்து நான்கு வருடமாகியிருந்தது. டாக்டர் என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். யாழ்ப்பாணத்துக் குடும்பம், அப்பா ரயில்வேயில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தவராம். இங்கிலாந்தில் மரபியல் படித்துவிட்டுத் திரும்பி வந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெற்றோர் இறந்துவிட்டார்கள், ஒரே அக்கா லண்டனில். மதியம் எல்லோரும் கேன்டீனுக்குப் போகும்போது அவர் மட்டும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு முட்டை ரொட்டி சாப்பிடுவார். அறையில் வருபவர்களுக்கென்று ஒரு நாற்காலி இருந்தது. அதன்மேல் எப்போதும் புத்தகங்கள் அடுக்கியிருக்கும். நானிருந்த காலத்தில் அந்தப் புத்தகங்களை எடுக்கவேண்டிய தேவை வந்ததில்லை.

அவர் தேடிக்கொண்டிருந்தது, ஈஸ்ட் எங்கிருந்து வந்தது, எப்படிக் கிளை பிரிந்தது என்பதை. தோட்டத்துக் கள்ளிலிருந்தும், சந்தையில் விற்கும் தாபாய் என்ற புளித்த சோற்றிலிருந்தும், காட்டுப் பூக்களிலிருந்தும் ஈஸ்ட் எடுத்து வளர்த்துப் பார்ப்பார். சனிக்கிழமைகளில் தனியாகவே காட்டுக்குப் போய், பஞ்சுக் குச்சிகளை அடைத்த குழாய்களோடு திரும்புவார். அப்படி ஒரு நாள் பெர்த்தாம் பனையின் பூவில் கிடைத்ததுதான் அந்த ஈஸ்ட். பார்க்க ரொட்டிக்கடை ஈஸ்ட்டைப் போலவே இருந்தது. இரண்டையும் சேர்த்தால் சேர்ந்தது, கலப்பு ஈஸ்ட்டும் நன்றாக வளர்ந்தது. அன்று தட்டுகளில் வைத்திருந்த, அந்தக் கலப்பின் வித்துகள்தான் பிழைக்கவில்லை. "பிள்ளை பிறக்குது, பேரப்பிள்ளை தங்கேல்லை" என்று எனக்குப் புரிகிற மாதிரி ஒருமுறை சொன்னார்.

ஆனால் இந்த விளக்கமெல்லாம் பின்னால். அன்றைக்கு அவருக்குச் சந்தேகம் என்மேல்தான். மறுபடி செய்யச் சொன்னார், செய்தேன். தட்டுகள் மறுபடி வெறுமையாக இருந்தன. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நான் சர்ச்சுக்குப் பூசைக்குப் போயிருந்த நேரத்தில், அவரே வந்து அகார் நிறுத்து, காய்ச்சி, ஊற்றி, எல்லாவற்றையும் தன் கையாலேயே செய்திருக்கிறார். புதன்கிழமை தட்டுகளைப் பார்த்தோம். அதே வெறுமை. என்மேல் தவறில்லை என்று அவர் சொல்வார் என்று காத்திருந்தேன். அவரோ தட்டுகளைக் கழுவப் போட்டுவிட்டு அறைக்குள் போய்விட்டார். அந்தக் கோபம் எனக்கு ரொம்ப நாள் இருந்தது.

கட்டுரை எழுதி வெளிநாட்டுக்கு அனுப்பினார். எட்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. கூடவே வந்த கடிதத்தை என்னிடம் காட்டினார். ஆய்வுக்கூடத்தில் சுத்தம் போதாமல் இருக்கலாம், வேறு ஏதோ கலந்திருக்கலாம் என்று எழுதியிருந்தது. அவர் என்னிடம் கேட்ட அதே கேள்வியை இப்போது அவரிடம் கேட்டிருந்தார்கள். அவருக்கும் அது தோன்றியிருக்க வேண்டும். கடிதத்தை வாங்கி மடித்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. துறைத்தலைவர் எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு உதவுகிற மாதிரி ஏதாவது செய்யச் சொன்னார். டாக்டர் தலையாட்டிவிட்டு வந்து, மறுநாள் முதலிலிருந்து ஆரம்பித்தார். ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்து வருடங்கள் போயின. பினாங்குப் பாலம் கட்டி முடித்தார்கள். என் பிள்ளைகள் இடைநிலைப்பள்ளிக்குப் போய்விட்டார்கள்.

பிறகுதான் குரோமோசோம்களை மின்சாரத்தால் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கும் முறை வந்தது. அந்தக் கருவி வாங்கப் பணம் கிடைக்கவில்லை. என் வீட்டுக்காரர் மாக் மண்டின் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் பிட்டராக இருந்தார். டாக்டர் தயங்கித் தயங்கி ஒரு படம் வரைந்து என்னிடம் கொடுத்தார். வீட்டுக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மீன் தொட்டி மாதிரிதான்லா, செஞ்சிரலாம்" என்றார். விளம்பரப் பலகைக் கடையில் மிஞ்சிய பிளாஸ்டிக் தகடுகளை வெட்டி ஒட்டி, தண்ணீர் கசியாமல் செய்து கொடுத்தார். இரண்டு தடவை, குரோமோசோம்கள் ஊர்ந்து பிரியவேண்டிய ஜெல் பாளம் அதற்குள் உருகிப் போனது. மூன்றாவது தடவை, ஒரு நாள் காலை பத்து மணிக்கு, நீல விளக்கின் மேல் அதை வைத்தோம்.

இரண்டு வரிசையாகக் கோடுகள் ஒளிர்ந்தன, கோட்டுக்கு ஒரு குரோமோசோம். ஒன்று ரொட்டி ஈஸ்ட், மற்றது பெர்த்தாம் ஈஸ்ட். "கோடுகளை எண்ணுங்கோ. எண்ணிப்போட்டு எது எது தள்ளி நிக்குதெண்டு சொல்லுங்கோ. நான் சொல்ல மாட்டன்" என்றார். எண்ணினேன். மேலேயிருந்து மூன்றாவதும், அதற்குக் கீழே இன்னொன்றும் இடம் மாறியிருந்தன. சொன்னேன். அவர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். "ஒரே புத்தகம்தான். பக்கங்களை வேற ஒழுங்கில கட்டியிருக்கு. அதுதான் பிள்ளையளுக்குச் சேரேல்லை" என்றார். பிறகு எழுந்து போய்த் தொலைபேசியை எடுத்து, கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். "அக்கா வீட்டில இப்ப நித்திரையா இருப்பினம்." வேறு யாரையும் அவர் கூப்பிடவில்லை.

அடுத்த வருடம் ஒரு சிறிய ஆய்விதழில் கட்டுரை வந்தது. அவர் பெயருக்குப் பக்கத்தில் என் பெயர் இருந்தது. அப்படிப் போடப்போவதாக அவர் சொல்லியிருக்கவே இல்லை. பழுப்பு உறையில் ஒரு பிரதியைப் போட்டு, "இது உங்களுக்கு" என்று மட்டும் சொன்னார். என் பழைய கோபத்துக்கு அதுதான் பதில் என்று அன்று புரிந்தது.

மறுநாள் காலை, நான் பையைக்கூட வைக்கவில்லை, கேட்டார்: "வீட்டில என்ன சொன்னவை?"

வீட்டுக்காரர் அதை வாங்கிப் பார்த்து, "உன் பேரா? தப்பா போட்டுட்டாங்களா?" என்று கேட்டதைச் சொன்னேன். டாக்டர் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "பிள்ளையள்?" என்றார். மகள் தலைப்பைச் சத்தமாகப் படித்ததையும், ஒரு சொல்லும் விளங்காமல் மறுபடி படித்ததையும் சொன்னேன். "பிறகு?" என்றார். அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, மகன் அதைப் பள்ளிக்கு எடுத்துப் போனதாகவும், பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி வந்து பார்த்ததாகவும் நானே சேர்த்துச் சொன்னேன். அவர் கைகளை மடியில் கோத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். மதியமும் ஒருமுறை வந்து, மகன் பள்ளியில் யாரிடம் காட்டினான் என்று கேட்டார்.

தொண்ணூறுகளில் ஓய்வு பெற்று லண்டனுக்கு அக்காவிடம் போனார். இரண்டு கிறிஸ்துமஸ் வாழ்த்துகள் வந்தன, பிறகு நின்றுவிட்டன. இப்போது ஆயர் ஈத்தாம் பிளாட்டில் நான் மட்டும்தான். வீட்டுக்காரர் இல்லை, மகள் கோலாலம்பூரில், மகன் சிங்கப்பூரில். சந்தையில் நல்ல மீன் மலிவாகக் கிடைத்தால்கூட யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருக்கிறது. மாலைக்குள் அது மறந்துவிடுகிறது. வீட்டில் என்ன சொன்னார்கள் என்று டாக்டர் கேட்ட அந்தக் காலையை அப்போதுதான் நினைத்துக்கொள்கிறேன். நீங்கள் யாரிடம் காட்டினீர்கள், டாக்டர் என்று நான் ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருக்கலாம். எனக்குத் தோன்றவே இல்லை.