தூதரம்மாவின் முதல் ஒப்பந்தம்

தூதரம்மாவின் கைகள் தாயாரின் மரத்துப்போன காலை நீவிக்கொண்டிருந்தன. வாய் நாடுகளின் எல்லைத் தகராறுகளைத் தீர்த்துக்கொண்டிருந்தது. ‘தூதரம்மா’ என்பது நாங்கள் வைத்த பட்டப்பெயர். அவள் விசா அலுவலகத்தில் விண்ணப்பம் வாங்குபவள். பக்கவாதத்தில் விழுந்த தாயாரைப் பகலில் பார்த்துக்கொள்வது நான்.

சர்வதேச உறவுகள் பற்றி மேற்படிப்புப் படிக்க இரண்டு கல்லூரிகள் அவளுக்கு இடம் கொடுத்திருந்தன. ஒன்று உலகப் புகழ் பெற்றது. சேர்ந்தால் தலைக்கு மேல் கடன். மற்றதைப் பக்கத்துத் தெருவுக்கே தெரியாது; ஆனால் கட்டணத்தில் முக்கால் பங்கு தள்ளுபடி. பதில் சொல்ல மறுநாள் கடைசி. அவள் போய்விட்டால் என் சம்பளத்தை யார் தருவது என்று மட்டும் யாரும் பேசவில்லை. எனவே நான் வீட்டுக்குக் கிளம்பாமல் நின்றேன்.

அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

“பேருதாம்மா முக்கியம். சின்ன காலேஜ் பேரச் சொன்னா, அது பஸ் ஸ்டாப்பான்னு கேப்பாங்க.”

“சரிண்ணா. கடனுக்கு ஜாமீன் கையெழுத்து நீ போடு.”

அண்ணன் மின்விசிறியைப் பார்த்தான். அது ஓடவில்லை.

“சின்ன காலேஜ்லயும் வாத்தியாருங்க நல்லாத்தான் இருப்பாங்க” என்றான்.

உண்மையில் பெரிய கல்லூரியின் ஆசிரியர்கள்தான் மேல். அகதி முகாமில் வேலை செய்யத் துடிக்கும் இவளுக்கு அந்தக் கல்லூரியை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. அங்கே படித்த ஒருவரைப் போனில் பிடித்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

“படிப்பு எப்படி சார்?”

“அபாரம்! வேற எங்கயும் கிடைக்காது.”

“நீங்க எந்த முகாம்ல இருக்கீங்க?”

“முகாம் சம்பளத்துல வட்டிகூடக் கட்ட முடியாதும்மா. பீரங்கி விக்கிற கம்பெனில ஆலோசகரா இருக்கேன்.”

“என்ன சார் படிச்சீங்க?”

“சமாதானம்.”

போனை வைத்துவிட்டுத் தாயாரை மறுபக்கம் திருப்பிப் படுக்கவைத்தாள். முதுகுக்குத் தலையணை கொடுத்தாள்.

“சின்னதுக்கே போறேன் பெரியம்மா” என்றாள் என்னிடம். குரலில் சந்தோஷம் இல்லை. நானும் ஆறுதல் சொல்லவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.

மறுநாள் காலை அவள் சின்னக் கல்லூரிக்குச் சம்மதம் அனுப்பினாள். அண்ணன் வந்தான்.

“பெரிய காலேஜ் லெட்டரக் குடு. இடம் கிடைச்சும் என் தங்கச்சி வேண்டாம்னுட்டான்னு ஆபீஸ்ல காட்டணும்.”

“தர்றேன். நான் திரும்பி வர்ற வரைக்கும் பெரியம்மா சம்பளம் உன் பொறுப்பு.”

அவன் முகம் உயர்ந்தது.

“மேல பாக்காதண்ணா.”

ஒரு மாதச் சம்பளத்தை முன்பணமாக எடுத்து நீட்டினான். நான் எண்ணிப் பார்த்துத் தலையசைத்த பிறகுதான் தூதரம்மா கடிதத்தைக் கையிலிருந்து விட்டாள்.