கப்பல் ரத்தான கோபத்தில் நான் ஓங்கிய கை

ஒரகடம் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். குடும்பத்தோடு கப்பல் சுற்றுலா போகக் கிரெடிட் கார்டில் பணம் கட்டியிருந்தேன். கிளம்பும் வாரத்தில் கப்பல் நிறுவனம் திவாலாகிவிட்டது.

ஆத்திரத்தோடு படப்பையில் டிக்கெட் போட்டுக்கொடுத்த டிராவல்ஸ் கடைக்குப் போனேன். நாற்காலியைத் தூக்கிக் கண்ணாடிக் கதவை உடைத்தேன். கடைக்காரரின் சட்டையைப் பிடித்து முகத்தில் குத்தினேன். அவர் மூக்கு உடைந்து ரத்தம் கொட்டியது. மறுபடியும் கையை ஓங்கினேன்.

“அடிக்காத சார்! நீ கார்டுலதான கட்டுன? பேங்க்ல எழுதிக் குடுத்தா துட்டு திரும்ப வரும். அதச் சொல்லத்தான் காலைல இருந்து உனக்கு போன் அடிச்சிகினு கீறேன்” என்றார்.

போனை எடுத்துப் பார்த்தேன். ஷிஃப்டில் இருந்தபோது ஏழு முறை அழைத்திருந்தார்.

கர்ச்சீப்பால் மூக்கை அழுத்திக்கொண்டே விண்ணப்பத்தையும் அவரே நிரப்பித் தந்தார். போலீசுக்குப் போகவில்லை. பணம் வந்ததும் ரயிலிலும் பஸ்ஸிலுமாக ஏற்காடு போய்வந்தோம்.

இப்போதெல்லாம், பயணம் ரத்தானால் பணத்தை யார் தருவார் என்று கேட்டுவிட்டுத்தான் கட்டுகிறேன். கோபம் வந்தால் முதலில் எதிரில் இருப்பவரைப் பேசவிடுகிறேன். அந்தக் கடைக்காரரின் மூக்கு இன்னும் கோணலாகத்தான் இருக்கிறது.