நீதிபதியின் டீ கப்

எட்டாவது வரைதான் படித்தேன். எழுதத் துணிந்ததற்கு மன்னியுங்கள். இன்று வீட்டில் டீ குடிக்கும்போது பீங்கான் கப் சாஸரில் கடகடத்ததும் பழைய பயம் வந்துவிட்டது.

அப்பாவும் அம்மாவும் பிரிந்தபோது எனக்குப் பத்து வயது. விருத்தாசலம் கோர்ட்டில் நீதிபதி என்னை மட்டும் தன் அறைக்குக் கூப்பிட்டார். போகும்போதே அப்பா, "அப்பா கூடன்னு சொல்லு. இல்லன்னா தம்பிய மறந்துடு" என்று மிரட்டியிருந்தார்.

"யாரு கூட இருக்கப் போறம்மா?" என்றார் நீதிபதி.

அரைக்கதவின் கீழே அப்பாவின் செருப்புக் கால்கள் தெரிந்தன. விரலிடுக்கில் அவர் வேலை பார்த்த பீங்கான் கம்பெனி மண் வெள்ளையாக ஒட்டியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். நீதிபதி எடுத்த டீ கப் சாஸரில் கடகடத்தது.

"ஐயா, உங்களுக்கும் பயமா இருக்குதுங்களா?"

"ஆமாம்மா. மத்த தீர்ப்பு தப்பானா மேல்கோர்ட்டு திருத்திடும். உன் சின்ன வயச யாராலயும் திருப்பித் தர முடியாது. அதான் உன்னையே கேக்கறேன்."

"அம்மா கூட. தம்பியும் வரணும்" என்றேன். செருப்புக் கால்கள் அசையவில்லை.

மறுநாள் நீதிபதி உத்தரவுப்படி தம்பியும் நானும் அம்மாவோடு அவள் பிறந்த ஊரான வேப்பூருக்கு பஸ் ஏறினோம்.