இரைச்சல் நின்ற பிறகு

கேமரன் மலைக்குப் போயிருந்தபோது, தங்கிய வீட்டில் நான்தான் சோறு வடித்தேன். தண்ணீர் சீக்கிரமே தளதளவென்று கொதித்தது. அரிசியோ வேகுவேனா என்றது. என் வீட்டுக்காரர் சிரித்தார்.

"மேல காத்தழுத்தம் கம்மி லா. தண்ணி சீக்கிரம் கொதிச்சிரும், ஆனா சூடு பத்தாது. எங்க மில்லுல நேர்மாறு. அழுத்திப் பூட்டி வச்சா, கொதிக்கிற சூட்டத் தாண்டியும் தண்ணி கொதிக்காமக் கெடக்கும்."

"பசிக்கிற வயித்துக்கு இந்தப் பாடம் எதுக்கு?" என்று கேட்டேன். அரைவேக்காட்டுச் சோற்றைத் தின்றபடி இருவரும் சிரித்தோம்.

அசாம் ஜாவா பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் மில்லில் அவருக்கு வேலை. லோரியை விட நீளமான இரும்பு உருளைக்குள் பழக்குலைகளைத் தள்ளி, கதவைப் பூட்டி, நீராவியில் வேகவைப்பார்கள். வெந்ததும் ஆவியைத் திறந்துவிடும் இரைச்சல் எங்கள் வீடு வரை கேட்கும். அழுத்தம் காட்டும் முள் அடிக்கடி மக்கர் பண்ணும். அதனால் எல்லோரும் காதைத்தான் நம்பினார்கள். இரைச்சல் நின்றால், "அடங்கிருச்சு, தொற" என்பார் வேலையை மேற்பார்க்கும் மண்டோர். அவ்வளவுதான் அங்கே சோதனை.

விபத்து நடந்த அன்று காலையும் இரைச்சல் நின்றது. ஆவி தீர்ந்து நிற்கவில்லை, ஆவி வெளியேறும் குழாயில் பழநார் அடைத்து நின்றிருக்கிறது. உள்ளே அழுத்தம் அப்படியே இருந்தது. அடியில் தேங்கிய தண்ணீர் சத்தமில்லாமல் கிடந்தது. என் வீட்டுக்காரர் கதவைத் திறந்தார். அழுத்தம் விட்ட கணத்தில் அத்தனை தண்ணீரும் ஒரேயடியாகக் கொதித்து அவர்மேல் பாய்ந்தது.

விஷயம் தெரிந்த மனுஷன். எனக்கே சொல்லிக் கொடுத்தவர். தினமும் பழகிய காது அவரை ஏமாற்றிவிட்டது.

ஆஸ்பத்திரிக்கு வந்த மண்டோர், "என்னா செய்றது அக்கா, தலையெழுத்து" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தலையெழுத்தா? முள்ளு கெட்டுக் கெடந்தது யாரு எழுதுன எழுத்து?"



என் வீட்டுக்காரரின் முகமும் மார்பும் துணிக்கட்டுக்குள் இருந்தன. என் குரல் கேட்டதும், "தண்ணி" என்றார். ஆப்பரேஷன் இருப்பதால் கொடுக்கக் கூடாது என்றாள் தாதி. நனைத்த பஞ்சை உதட்டில் வைத்தாள். அதை அவர் சப்பிய வேகத்தைப் பார்க்க முடியவில்லை.

"இன்னும் கொஞ்சம்" என்றார்.

"வந்து குடிக்கலாங்க" என்றேன். உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். அவர் வரவில்லை. போகிற உயிர்தான் என்று தெரிந்திருந்தால், யார் தடுத்தாலும் ஒரு வாய் தண்ணீர் கொடுத்திருப்பேன்.