மாமாவின் மீசையை நான் தொடவில்லை

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தே சில வருடங்கள் போய்விட்டன. பேனாவை எடுப்பேன், இரண்டு வரி எழுதுவேன், அடுப்பில் சோறு கொதிக்கும், எழுந்து போய்விடுவேன். உண்மையான காரணம் சோறு இல்லை. ஒரு மருமகள் தன் மாமனாரின் முகத்தைப் பற்றி எழுதுவது எங்கள் சனத்தில் வழக்கமில்லை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள், பிழையாக எழுதிவிடுவேனோ என்ற பயமும் இருந்தது. ஆனால் நான் எழுதாமல் இருந்த காலத்தில் வேறு யார் யாரோ அந்தக் கதையை வாயாலேயே எழுதி முடித்துவிட்டார்கள். ஆகவே முருகனைக் கும்பிட்டுவிட்டு நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

மாமா புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் லொறி ஓட்டியவர். வேலையை விட்ட பிறகு கெலிஓயாவில் இந்தச் சின்ன வீட்டை வாங்கி எங்களோடு இருந்தார். மாமி நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பே போய்விட்டார். என் கணவர் ஒரே பிள்ளை. ஆகவே வீட்டில் பெண் என்றால் நானும் என் மகளும்தான்.

லொறிக்காரர் என்றால் எண்ணெய்க் கறையோடு இருப்பார் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். மாமா அப்படியில்லை. வெள்ளைச் சேட்டை அவரே ஸ்திரி போட்டு, கையை முழங்கைக்கு மேலே இரண்டு மடிப்பு மடித்து விட்டிருப்பார். அந்த மடிப்பு மாலை வரைக்கும் கலையாது. வெளியே இறங்கினால் செருப்பைத் துடைக்காமல் போகமாட்டார். எல்லாவற்றுக்கும் மேலே அந்த மீசை. நுனி இரண்டும் மேலே பார்த்து நிற்கும்.

காலையில் பின்வாசலில் ஒரு கதிரை போட்டு உட்காருவார். நான் சுடுதண்ணீர் கொண்டுபோய் வைப்பேன். சவரப் பெட்டியைத் திறந்து முதலில் பிளேடை எடுப்பார். பழைய பிளேடை அவர் வீசுவதில்லை. கண்ணாடித் தம்ளருக்குள்ளே பிளேடை வைத்து, இரண்டு விரலால் அழுத்தி, இப்படியும் அப்படியுமாகத் தேய்ப்பார். தம்ளரின் உள்வளைவில் அது கூர் ஏறும். கிரீச் கிரீச்சென்று ஆரம்பிக்கிற சத்தம் போகப்போக மெலிந்து, கடைசியில் பட்டுச்சேலை உரசுகிற மாதிரி வரும். அந்தச் சத்தம் வந்தால் குசினியில் நான் தேத்தண்ணீருக்குக் கேத்தலை வைப்பேன். பிறகு சவர்க்காரத்தை நுரைக்க வைத்து முகம் வழிப்பார், படிகாரத்தைத் தேய்ப்பார். கடைசியில் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தொட்டு மீசையை முறுக்குவார். முகம் வழிக்கும்போது கண்ணாடி பார்ப்பவர், மீசைக்கு மட்டும் பார்க்கவே மாட்டார்.

இதெல்லாம் நான் கதவிடுக்கில் கண்டதும் காதால் கேட்டதும்தான். எங்கள் வீடுகளில் மாமனார் முன்னால் மருமகள் நிமிர்ந்து நிற்பதில்லை. தண்ணீரை வைத்ததும் ஒதுங்கிவிடுவேன். இருபது வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் அவர் முகத்தைவிட அவர் முதுகுதான் எனக்கு நன்றாகத் தெரியும்.

என் மகன் கண்டியில் ஒரு போன் கடையில் வேலை செய்கிறான். இந்தக் காலத்துப் பிள்ளைகளைப் போல அவனும் தாடி வைத்திருந்தான். கரையெல்லாம் கோடு போட்ட மாதிரி வெட்டியிருக்கும். வேலை முடிந்து அவன் வாசலில் கால் வைத்ததுமே மாமா தொடங்கிவிடுவார்.

"என்னடா, வீட்டுல ஏதும் எழவா?"

"ஸ்டைல் தாத்தா."

"தாடி சாமியாருக்கு, இல்லாட்டி சாவு வீட்டுக்காரனுக்கு. நீ ரெண்டுல எதுடா?"

"லவ் பண்றவனுக்கும் இருக்கும் தாத்தா."

"அப்ப அதுவும் சாவு வீடுதான்."

இப்படிச் சண்டை பிடிப்பானே தவிர, தாத்தா மீசை முறுக்குவதை ஒளிந்திருந்து போனில் படம் பிடித்து வைத்திருந்தான். கடையில் கூட்டாளிமார் அதைப் பார்த்து, "மச்சான், இவர் யாருடா, படத்துல நடிச்சவரா?" என்று கேட்டார்களாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேர் பஸ் ஏறி மாமாவைப் பார்க்கவே வந்தார்கள். மாமா அவர்களை உட்காரச் சொன்னார். உள்ளே போய் வேறு சேட்டு மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

இப்படி இருந்த மனிதருக்கு, என் மகளின் பரிசத்துக்கு நாள் குறித்த பிறகு, பாரிசவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. வாயும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் இருந்து கூட்டி வந்தபோது முகம் முழுக்க வெள்ளைத் தாடி. மெல்ல மெல்லப் பேச்சு வந்தது, தாங்கிப் பிடித்தால் உட்காரவும் செய்தார். ஆனால் முன்வாசலுக்கு வரவே மாட்டேன் என்றுவிட்டார். யாராவது வந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

பரிசத் தட்டை வாங்க வேண்டியது வீட்டில் மூத்த ஆண். அது மாமாதான். எங்கள் சனத்தில் சாவு விழுந்தால் கருமாதி முடியும் வரைக்கும் ஆண்கள் முகம் வழிப்பதில்லை. துக்கத்து முகத்தோடு நல்ல காரியத்தில் உட்கார்ந்தால் அது பெண்ணுக்கு ஆகாது என்பார்கள். மாமா இதைத்தான் சொன்னார்.

"எனக்கு நானே எழவுத் தாடி வளத்துக்கிட்டு ஒக்காந்து எம் பேத்திக்குத் தட்டு வாங்கவா? நீயே வாங்கிக்க."

இவர், அதாவது என் கணவர், தலையைக் குனிந்துகொண்டார். மகள் அழ ஆரம்பித்துவிட்டாள். "தாத்தா வாங்கலன்னா எனக்குப் பரிசமே வேணாம்" என்றாள். சின்னப் பிள்ளையில் அவளை லொறியில் முன்னால் உட்கார வைத்துக் கூட்டிப் போனவர் அவர். அவள் சொன்னது வெறும் பிடிவாதம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

டவுனில் இருந்து சலூன்காரரைக் கூட்டி வந்தோம். நல்ல மனிதர், கத்தியைத் துடைத்துக்கொண்டே, "மீசையில ரெண்டு பக்கமும் கொஞ்சம் கொறச்சா வாய் கோணினது தெரியாதுங்க" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். மாமா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அதோடு சரி. பரிசத்துக்கு முந்தின நாள் இவர் துணிந்து ரேசரை எடுத்தார். வாய்க்குக் கீழே நாடியில் வெட்டிவிட்டது. இரத்தத்தைப் பார்த்ததும் ரேசரைப் போட்டுவிட்டு வெளியே வந்து தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்தார்.

"வேற யார் மொகமா இருந்தாலும் வழிச்சிருவேன். அப்பா மொகத்துல கை நிக்க மாட்டேங்குது."

கொஞ்ச நேரம் கழித்து, "ஒண்ணு செய்வோம். கதிர்காமத்துக்கு நேர்த்தி வெச்ச தாடின்னு சொல்லிருவோம். சாமித் தாடின்னா யாரும் குத்தம் சொல்லமாட்டாங்க" என்றார்.

"வேணாங்க. முருகன் பேர்ல பொய் சொல்லி ஆரம்பிக்கிற கல்யாணம் நம்ம புள்ளைக்கு வேணாம்."

அறைக்குள்ளிருந்து மாமாவின் குரல் வந்தது. "அவ சொல்றதுதான் சரி."

பரிசத்தன்று விடிந்ததும் பக்கத்து வீட்டு ராத்தா கதிரை இரவல் தருவதற்காக வேலியருகே கூப்பிட்டார். முஸ்லிம் ஆட்கள், எங்களோடு நல்ல பழக்கம். என் முகத்தைப் பார்த்துவிட்டு விசயத்தைக் கேட்டார்.

"எங்கட வாப்பா படுக்கையில கெடக்கக்குள்ள நான்தானே அவருக்கு தாடி சீவி, அத்தர் பூசி உட்டேன். இதுல என்ன புள்ள வெக்கம்?"

"நீங்க மக ராத்தா. நான் மருமக."

"அல்லா ரெண்டு பேருக்கும் கை ஒரே மாதிரித்தானே தந்திருக்கான்?" என்று சொல்லிவிட்டுக் கதிரைகளைத் தூக்கி வேலிக்கு இந்தப் பக்கம் வைத்தார்.

நான் குளித்துச் சாமிப் படத்துக்கு விளக்கேற்றினேன். "அப்பனே, இது தப்புன்னா இப்பவே என் கையைப் பிடிச்சிரு" என்று வேண்டிக்கொண்டு, வழக்கம் போலச் சுடுதண்ணீரைக் கொண்டுபோனேன். மாமா எழுந்து கட்டிலில் சாய்ந்திருந்தார். சவரப் பெட்டி மடியில் திறந்து கிடந்தது. இடது கையால் தம்ளருக்குள் பிளேடைத் தேய்க்கப் பார்த்தார். பிடிக்க மறு கை இல்லை, தம்ளர் உருண்டு தரையில் விழுந்தது. உடையவில்லை.

வழக்கமென்றால் நான் அதை எடுத்து வைத்துவிட்டு ஒதுங்கிப் போயிருக்க வேண்டும். போகவில்லை. தரையில் உட்கார்ந்து, பிளேடை உள்ளே வைத்து, இரண்டு விரலால் அழுத்தித் தேய்த்தேன். முதலில் கிரீச்சென்றது. விரலைக் கொஞ்சம் படுக்க வைத்தேன். சத்தம் மெலிந்தது. பட்டுச்சேலை உரசுகிற சத்தம் வந்ததும் நிறுத்தினேன்.

மாமா கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"எங்க கத்துக்கிட்ட?"

"கேத்தல் வெக்கிறதுக்குக் காது குடுத்துக்கிட்டே இருப்பேனே மாமா."

கண்ணைத் திறந்து என் விரல்களைப் பார்த்தார். பிறகு, "கை நடுங்குதா?" என்றார்.

"இல்ல மாமா."

"எனக்கு நடுங்குது. சரி, ஒருத்தருக்கு நடுங்குனாப் போதும். ஆரம்பி."

பிளேடை ரேசரில் பூட்டி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, முருகா என்று நுரையைப் பூசினேன். அந்த மனிதரின் காலை நான் எத்தனையோ தடவை தொட்டுக் கும்பிட்டிருக்கிறேன். முகத்தைத் தொட்டதில்லை. தோலை விரலால் இழுத்துப் பிடிக்காமல் பிளேடு போகாது. இழுத்தேன். கன்னம் சின்னப் பிள்ளையின் கன்னம் போல மெத்தென்று இருந்தது. இவர் வெட்டிய இடத்தைச் சுற்றிப் போனேன். தொண்டைக்குழிக்கு வந்தபோது அவர் எச்சிலை விழுங்கினார். நான் நிறுத்தினேன், பிறகு தொடர்ந்தேன். கதவருகே மகளும் மகனும் வந்து நின்றதைக்கூட நான் கவனிக்கவில்லை. துடைத்துப் படிகாரம் தேய்த்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது.

"மீசைக்கு எண்ணெய் வைக்கவா மாமா?"

"அத விடு. அது என் வேல."

எண்ணெயை மட்டும் உள்ளங்கையில் ஏந்திப் பிடித்தேன். அவர் இடது கையால் தொட்டு, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் முறுக்கினார். வலது பக்கம் வாய் தொய்ந்திருந்ததால் நுனி நிற்கவில்லை. முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்து, "எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

நானும் நேராகப் பார்த்தேன். "ஒரு பக்கம் கொஞ்சம் எறங்கியிருக்கு மாமா."

"இருக்கட்டும். லோட் ஏத்துன லொறியும் ஒரு பக்கம் சாஞ்சுதான் வரும்."

புசல்லாவையில் இருந்து மாப்பிள்ளை வீட்டு வேன் வந்து நின்றபோது மாமா முன்வாசலில் வெள்ளைச் சேட்டோடு கதிரையில் இருந்தார். சேட்டின் கை மடிப்பை என் மகன்தான் மடித்து விட்டிருந்தான், ஒன்றுக்கு நாலு தடவை அவிழ்த்து. தட்டு வந்ததும் இவர் அப்பாவின் வலது கையைத் தூக்கித் தட்டின் விளிம்பில் வைத்தார். இடது கையால் மாமா தாங்கிக்கொண்டார். "எம் பேத்திய நல்லா வெச்சுக்கங்க" என்று சொன்னது எல்லோருக்கும் விளங்கியது. மகள் அழுதாள், மாப்பிள்ளையின் தாயும் அழுதார்.

அன்றிலிருந்து தினமும் நான்தான் வழித்துவிட்டேன். ஒதுங்கி நின்று பேசுவது போய், காலையில் அந்த நேரத்தில் மட்டும் மாமா தோட்டத்துக் கதை சொல்வார், நான் கேட்டுக்கொண்டே வழிப்பேன். மற்ற நேரமெல்லாம் பழையபடி மாமனார், மருமகள்தான். அடுத்த ஆடியில் ஒரு பகல், சாப்பிட்டுப் படுத்தவர் எழும்பவில்லை. குளிப்பாட்டும்போது, முகம் வழிக்க ஆள் கூப்பிடவா என்று பெரியவர்கள் கேட்டார்கள். இவர் அப்பாவின் கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "வேணாம். காலையிலயே வழிச்சாச்சு" என்றார்.

நெய்ப்பந்தம் பிடித்த என் மகன் கருமாதி வரைக்கும் தாடியைத் தொடவில்லை. அந்தத் தாடி ஸ்டைல் இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது. கருமாதியன்று எடுத்தான். பிறகு வளர்க்கவில்லை. "அம்மா, அந்தப் பெட்டிய எனக்குத் தர்றீங்களா?" என்று மட்டும் கேட்டான். இப்போது காலையில் அவன் பின்வாசலில் உட்காருகிறான். கண்டியில் அவன் கூட்டாளிமாரும் பிரஷ், ரேசர் என்று தேடி வாங்கியிருக்கிறார்களாம். அவன் பிளேடு தேய்க்கிற சத்தம் இன்னும் கிரீச்சென்றுதான் இருக்கிறது. கேத்தலை வைக்க இன்னும் நேரம் இருக்கிறது என்று அடுப்படியில் நிற்கிறேன்.

பரிசத்துக்கு வந்த யாரோ, மருமகள்தான் முகம் வழித்துவிட்டாள் என்று சொல்லப்போக, அது வாய்க்கு வாய் மாறி வேறு பேச்சாகப் பரவிவிட்டது. மருமகள் மாமனாரின் மீசையை எடுத்துவிட்டாள், படுக்கையில் கிடந்தவர் தடுக்க முடியாமல் அழுதார் என்று. கண்டி பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒருத்தி எனக்கே அந்தக் கதையைச் சொன்னாள். என்னை என்ன சொன்னாலும் பரவாயில்லை. ஆனால் மீசை இல்லாமல் அவர் சபையில் உட்கார்ந்தார் என்று நாலு பேர் நம்பினால், அது அவர் பட்ட பாட்டுக்குச் செய்கிற மரியாதை இல்லை.

ஆகவே இதை வாசிக்கிற உங்களிடம் கைகூப்பிக் கேட்கிறேன். தெரிந்தவர்களுக்குச் சொல்லுங்கள், ஆனால் இங்கே இருக்கிறபடியே சொல்லுங்கள். என்னை நல்லவளாக்க ஒரு சொல் கூட்ட வேண்டாம். மீசையின் வலது நுனி கொஞ்சம் இறங்கியிருந்தது என்பதையும் விட்டுவிடாதீர்கள். அதை முறுக்கியது அவர் கைதான்.