சுகன்யா திருப்பிப் பார்த்த படம்

என் தங்கை சுகன்யா என்ன படிக்கிறாள் என்று ஆரணியில் யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. எனக்கே சரியாகப் புரியாதபோது நான் எங்கே மற்றவர்களுக்குச் சொல்வது? நவீன ஓவியத்தின் வரலாறு. சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் எம்.ஏ.

"பொண்ணு படம் வரையக் கத்துக்குதா?" என்று எதிர்வீட்டு செல்லம்மாள் கேட்பாள்.

"இல்லக்கா. வரைஞ்சவங்களப் பத்திப் படிக்குது."

"அதுக்கு இன்னாத்துக்கு மெட்ராஸ் வரைக்கும் போவணும்?"

நியாயமான கேள்விதான். பதில் தெரியாததால் எனக்குக் கோபம் வரும். கோபம் எனக்கு எப்போதும் மூக்கு நுனியில் இருக்கும். என் பெயர் தனசேகரன். பதினாறு வயதில் பட்டுத் தறியில் உட்கார்ந்தவன். அப்பா தொண்ணூற்றாறில் போன பிறகு வீட்டுக்குப் பெரியவன் நான்தான்.

சுகன்யாவும் தறி வேலை தெரிந்தவள்தான். பாவில், தறியில் நீளவாக்கில் ஓடும் நூலில், இழை அறுந்தால் எங்கே அறுந்தது என்று நாங்கள் தேடிக்கொண்டிருக்கும்போது, அவள் வாசலில் இருந்தபடியே கையை நீட்டிக் காட்டிவிடுவாள். அப்படி ஒரு கண். பி.ஏ. வரலாறு படித்தபோது கல்லூரி நூலகத்தில் ஓவியப் புத்தகம் ஒன்று அவள் கையில் சிக்கியது. அதோடு தொலைந்தது. சாப்பிடும்போது படம், தூங்கி எழுந்தால் படம். ஒருநாள் எனக்கும் காட்டினாள். நாலு கோடு, ஒரு நீலத் திட்டு. "சாயத் தொட்டியில கை நழுவிச்சின்னா நம்ம வீட்டுச் சுவத்துலயும் இதே மாதிரிதான் இருக்கும்" என்றேன். அவள் சிரித்துவிட்டுப் புத்தகத்தை மூடினாள். அதற்குப் பிறகு என்னிடம் காட்டியதில்லை.

2003 டிசம்பரில், இரண்டாம் வருடம் பாதியில், அவள் துறையிலிருந்து போன் வந்தது. உங்கள் தங்கை ஓர் ஓவியத்தைச் சேதப்படுத்திவிட்டாள், புதன்கிழமை வீட்டிலிருந்து பொறுப்பானவர் நேரில் வரவேண்டும் என்றார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை ஆரணிக்குப் பக்கத்துச் சேத்துப்பட்டிலிருந்து அவளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. படிப்பு முடியட்டும் என்று அவள் மன்றாடியும் நான்தான் வரச் சொல்லியிருந்தேன். மறைத்து என்ன ஆகப்போகிறது, போன் வந்ததும் கோபத்துக்கு நடுவே ஒரு நிம்மதியும் எனக்குள் இருந்தது. சனியன் விட்டது, கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று முதல் பஸ் பிடித்தேன்.

துறைக்குச் சொந்தமான ஓவியக் கூடத்துக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"இன்னாடி பண்ணி வெச்ச?"

"படத்தத் திருப்பிப் பாத்துட்டேண்ணா."

"திருப்பிப் பாத்தியா?"

"கையில எடுத்தா நாம திருப்பித்தானே பாப்போம்?"

எங்கள் ஊரில் நல்ல நெசவாளி யார் கையில் புடவையைக் கொடுத்தாலும் முதலில் பின்பக்கத்தைத்தான் பார்ப்பான். முன்பக்கம் விற்கிறவனுக்கு. நெய்தவன் என்ன செய்தான், எங்கே அவசரப்பட்டான், எங்கே அறுந்ததை ஒட்டினான் என்பதெல்லாம் பின்னால் இருக்கும். இவள் அந்தப் பழக்கத்தில், சுவரில் மாட்டியிருந்த நாற்பது வருடத்துப் படத்தை இறக்கித் திருப்பியிருக்கிறாள். கட்டைவிரல் நகம் அளவுக்குப் பெயிண்ட் உதிர்ந்துவிட்டது. அதோடு விட்டாளா? எதிர்ச் சுவருக்குப் போய் இன்னொரு படத்தையும் இறக்கியிருக்கிறாள். அப்போதுதான் காவலாளி பார்த்துக் கத்தியிருக்கிறார்.

"ரெண்டாவத ஏன்டி தொட்ட?"

"ரெண்டும் ஒரே துணிண்ணா. ஒரே படம். யாரோ வெட்டியிருக்காங்க. நான் சொல்றத யாருமே கேக்கமாட்டேங்கறாங்க."

துறைத் தலைவர் மணிமேகலை அம்மா எங்களை உள்ளே கூப்பிட்டார். ஐம்பது வயது இருக்கும். கண்டிப்பான முகம். சுற்றி வளைக்கவில்லை.

"மூணு மணிக்குக் கமிட்டி உக்காருது, சார். அவங்க டி.சி. குடுத்து அனுப்பச் சொல்றாங்க. இந்த ரெண்டு படமும் பலராமன்னு ஓர் ஓவியர் வரைஞ்சது. அவர் இறந்து முப்பது வருஷம் ஆச்சு. ஒண்ணு அறுபத்தொண்ணுல வரைஞ்சது, இன்னொண்ணு அறுபத்தாறுலன்னு பதிவேட்டுல இருக்கு. அந்த அஞ்சு வருஷத்துல அவர் எப்படி இருட்டுலேர்ந்து வெளிச்சத்துக்கு மாறினார்னுதான் நான் பி.எச்டி. பண்ணினேன். உங்க தங்கச்சி ரெண்டும் ஒண்ணுங்கறா."

"சின்னப் பொண்ணுங்க, ஏதோ உளறுது" என்றேன்.

"உளறலா இல்லையான்னு எனக்குத் துணியைப் பாத்துச் சொல்லத் தெரியாது. நெசவு பண்ற உங்களுக்குத் தெரியும்னு அவதான் சொன்னா. அவ சொல்றது உண்மைன்னா கமிட்டிகிட்ட நானே பேசறேன், அவ படிப்பைத் தொடரலாம். இல்லைன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

நீளமான மேசையில் வெள்ளை விரிப்பு போட்டு இரண்டு படங்களையும் முகம் குப்புற வைத்திருந்தார்கள். மரச் சட்டத்தில் இழுத்து ஆணி அடித்த பழைய கித்தான் துணி. சுகன்யா என் பக்கம் பார்க்கவில்லை. சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தாள்.

எனக்குத் தெரிந்துபோயிற்று. 'தெரியலீங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சாயங்காலமே ஆரணி, வெள்ளிக்கிழமை பெண் பார்க்கிறது, தையில் கல்யாணம். யாரும் என்னைப் பொய்யன் என்று சொல்லப்போவதில்லை. சுகன்யாவுக்கு மட்டும் தெரியும்.

குனிந்தேன். கைத்தறித் துணி. இரண்டிலும் கீழ் ஓரத்தில் கரை, வெட்டுப்படாத நெய்த விளிம்பு, இருந்தது. ஒரு விரல் அகலத்துக்கு இழை எண்ணிப் பார்த்தேன். இரண்டிலும் ஒரே கணக்கு. சரி, ஒரே தறியில் ஒரே பாவில் நெய்தது என்று மட்டும்தான் இதற்கு அர்த்தம், அதில் எத்தனையோ கஜம் இருந்திருக்கும். மனசுக்குள் 'அவ்வளவுதான், விடு' என்றேன். அப்போதுதான் அந்தச் சந்து கண்ணில் பட்டது.

முதல் துணியில் கரையிலிருந்து நாலு விரல் மேலே பாவு இழை ஒன்று அறுந்திருந்தது. நெய்தவன் கவனிக்கவில்லை. இழை இல்லாத இடத்தில் மெல்லிய சந்து விழுந்து, துணியின் விளிம்பு வரைக்கும் ஓடியது. இரண்டாவது துணியில், அதே நாலு விரல் உயரத்தில், விளிம்பிலிருந்தே ஒரு சந்து தொடங்கி ஒரு சாண் போய் நின்றது. நின்ற இடத்தில் ஒரு முடிச்சு. அங்கேதான் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. நிறுத்தி, இழையை எடுத்து ஒட்டியிருக்கிறான். நான் தினமும் போடுகிற அதே முடிச்சு. மடித்து ஆணி அடித்த ஓரத்தையும் தடவிப் பார்த்தேன். கத்தரி கோணலாகப் போயிருந்தது. இதில் ஏறிய கோணல் அதில் இறங்கியது.

எவனோ ஒரு நெசவாளி, ஊர் பேர் தெரியாது, ஒரு கணம் கண்ணயர்ந்ததை நாற்பது வருடம் கழித்து என் தங்கை பிடித்திருக்கிறாள். இதைத் தெரியாது என்று நான் எப்படிச் சொல்வது? சொன்னால் அப்புறம் எந்த முகத்தோடு தறியில் உட்காருவேன்?

"ஒரே துணிதாங்க" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பவும் சொன்னேன். "ஒரே துணி. பக்கத்துப் பக்கத்துல இருந்தது. வரைஞ்ச பின்னாடி வெட்டியிருக்காங்க, வெட்டுன எடத்துல பாருங்க, பெயிண்ட் ஓரம் வரைக்கும் போவுது."

மணிமேகலை அம்மா ஒரு படத்தை மெல்லத் திருப்பினார். இன்னொன்றை சுகன்யாவைத் திருப்பச் சொன்னார். நான் பதறிப்போய், "அம்மாடி, பாத்து" என்றேன்.

ஒன்று முழுக்கக் கறுப்பு, வலது ஓரத்தில் சிவப்பாக ஒரு வளைவு. மற்றது முழுக்க மஞ்சள், இடது ஓரத்தில் சிவப்பாக ஒரு கீற்று. தனித்தனியாகப் பார்த்தால் சத்தியமாக எனக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது. இரண்டையும் சேர்த்து வைத்தார்கள்.

அது ஒரு கை. இருட்டுக்குள் யாரோ குனிந்து உட்கார்ந்திருக்கிறார். அங்கிருந்து தோள் கிளம்பி, முழங்கை மடங்கி, விரல்கள் வெயிலுக்குள் நீள்கின்றன. நடுவில் மடிப்புக்குள் போன நாலு விரல் இடைவெளியைத் தாண்டியும் அந்தக் கை நீண்டுகொண்டே இருந்தது. அட கடவுளே என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நாலு கோட்டையும் ஒரு திட்டையும் பார்த்துச் சிரித்த ஆள் நான்.

மணிமேகலை அம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"பதினெட்டு வருஷமா தப்பாச் சொல்லிக் குடுத்திருக்கேன், சுகன்யா. அவர் மாறவே இல்ல. இருட்டும் வெளிச்சமும் ஒரே நாள்லயே அவர்கிட்ட இருந்திருக்கு. நீ எழுதும்மா. என் தீசிஸ் தப்புன்னு முதல் வரியிலயே எழுது."

அவ்வளவு படித்தவர் இரண்டு பேர் முன்னால் அப்படிச் சொன்னதை நினைத்தால் இப்போதும் எனக்கு மலைப்பாக இருக்கிறது. கமிட்டியிலும் அவரே போய்ப் பேசினார். உதிர்ந்த பெயிண்டுக்கு சுகன்யா மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தாள். அதோடு விட்டுவிட்டார்கள். பலராமன் ஏன் அந்தப் படத்தை வெட்டினார் என்று யாருக்கும் தெரியவில்லை. இன்றுவரை தெரியாது.

வெளியே பூத்திலிருந்து அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"சேத்துப்பட்டுக்காரங்கள வரவேணாம்னு சொல்லிடும்மா."

"இன்னாடா பேஜாரு இது? பலகாரத்துக்கு மாவெல்லாம் அரைச்சாச்சு!"

"நாமளே துண்ணலாம். அவ படிக்கட்டும்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் சுகன்யா பின்னாலேயே நின்றுகொண்டிருக்கிறாள். எல்லாம் கேட்டிருக்கிறாள்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு, கெளம்புண்ணா" என்றாள்.

நாலு வருடமாக அவள் ஓவியத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். நான் ஒருமுறைகூட அது என்ன என்று கேட்டதில்லை.

"பஸ் கெடக்குது" என்றேன். "உள்ள இன்னும் நெறைய படம் மாட்டியிருக்குதே. ஒவ்வொண்ணா சொல்லு, கேக்கறேன்."